செங்கல்சாமி கட்டிய சமாதிகள்

மாரண்டஹள்ளியில் ஒரு காலத்தில் செத்துப்போனவர்களைவிடச் சமாதிகள் அதிகமாக இருந்தன. அத்தனைக்கும் ஒரே ஒரு ஆள்தான் காரணம். அவர் கொலைகாரர் அல்ல. அவர் இருந்தவரைக்கும் அந்தச் சமாதிகளில் ஒருவரும் சாகவில்லை என்பதுதான் விஷயமே.

ஊரே அவரைச் செங்கல்சாமி என்றது. மின்சார ஆபீசில் தினக்கூலி. யாராவது எங்காவது பள்ளம் தோண்டினால் அங்கே போய் நிற்பதுதான் அவருக்கு உத்தியோகம். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் ரயில்வே கேட் பக்கத்துக் கம்பம் வரைக்கும் ஆகாயத்தில் வந்த பதினோராயிரம் வோல்ட் கரண்ட், அங்கே மண்ணுக்குள் இறங்கி, தண்டவாளத்துக்கு அடியில் புகுந்து, சந்தை ரோட்டோரமாக ஒரு ஃபர்லாங் தூரம் இருட்டிலேயே ஓடி, அப்புறம்தான் இன்னொரு கம்பத்தில் ஏறியது. மூன்றடி ஆழத்தில் கேபிள். அதைச் சுற்றி மணல். மணலுக்கு மேலே வரிசையாகச் செங்கல். தோண்டுகிறவன் கண்ணில் செங்கல் பட்டதும் கையை நிறுத்த வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நிறுத்தாமல் கடப்பாரையால் இன்னும் ஒரு குத்து குத்தினால், அவனை அடையாளம் சொல்ல அவன் பெண்டாட்டியால்கூட முடியாது.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். குடிநீர்க் குழாய் பதிக்கும் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர் வேலை. எங்கள் குழாயும் அதே சந்தை ரோட்டோரமாகத்தான் போக வேண்டும். தோண்டுவதற்கு முன்னால் மின்சார ஆபீசுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். 'ஆள் வரும்' என்று பதில் வந்தது. கேபிள் போகும் தடத்துக்கு ஒரு வரைபடம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். ஆள்தான் வந்தது.

மார்கழி காலை. நாலு அடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத பனி. முதலில் ஆள் தெரியவில்லை, தரையில் ஒரு வெள்ளைக்கோடுதான் என்னை நோக்கி நீண்டுகொண்டே வந்தது. அதற்குப் பிறகுதான் அடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு டின்னும், டின்னிலிருந்து உதிரும் சுண்ணாம்பும், அதைப் பிடித்த கையும் தெரிந்தன. நாற்பது வயசிருக்கும். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, தலையில் மஃப்ளர், கக்கத்தில் குடை. காலில் செருப்பில்லை. அந்தக் குளிரில் வெறுங்காலால் மண்ணை ஒவ்வொரு அடியாக மிதித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். கோடு எந்த வீட்டு வாசல் பக்கம் திரும்பியதோ அந்த வீட்டுக் கதவு படக்கென்று சாத்திக்கொண்டது.

என் முன்னால் வந்ததும் நின்றார்.

"இங்க இருக்கான்" என்றார்.

"யாருங்க?"

"படுத்திருக்கான். நீங்க பாட்டுக்கு ஓரமா தோண்டிக்கிட்டுப் போங்க சூப்ரவைசரே. அவுன எழுப்பிடாதீங்க."

இதுதான் எங்கள் முதல் சந்திப்பு. அன்றைக்குச் சாயங்காலமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

எங்கள் ஆட்களின் தலைவன் மாது. ஆள் கருங்காலி மரம் மாதிரி இருப்பான். கடப்பாரையை அவன் ஓங்கினால் பாறைக்கே பயமாக இருக்கும். அவன் பெண்டாட்டி சாலம்மா மண் சுமப்பாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். வெளியே நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்கள். பயம் வந்தால் மட்டும் மாதுவுக்குத் தமிழ் மறந்துவிடும். செங்கல்சாமி வந்த முதல் வாரத்தில் அவனுக்குத் தமிழ் அடிக்கடி மறந்தது.

காரணம், அவருடைய சட்டதிட்டங்கள் அப்படி. இரண்டடி ஆழம் வரைக்கும்தான் கடப்பாரை. அதற்குக் கீழே மம்பட்டி, அதுவும் செல்லமாக. மண்ணின் நிறம் மாறினால் கைதான். ஒவ்வொரு குழியிலும் இரண்டடி வந்ததும் இவர் உள்ளே இறங்குவார். மண்டி போட்டு, மண்ணில் காதை வைப்பார். மேலே எட்டுப் பேரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சில குழிகளில் "இல்ல, தோண்டுங்க" என்பார். சில குழிகளில் தலையைத் தூக்காமலேயே, "முழிச்சிட்டுதான் இருக்கான்" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் தைரியம் இருந்ததில்லை.

சந்தை ரோட்டில் கேபிள் தடத்துக்கு அடையாளமாக நட்டிருந்த கற்கள் எல்லாவற்றிலும் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. நெற்றி, கண், மூக்கு எல்லாம் வைத்து முனியாகவே ஆக்கியிருந்தார்கள். கேட் பக்கத்துக் கல்லுக்கு ஒரு தக்காளி வியாபாரி கிடா வெட்டியிருந்தார். அவருடைய லாரி அந்த இடத்தில் கவிழ்ந்தும் உயிர் பிழைத்துவிட்டாராம். கறியில் ஒரு பங்கைச் செங்கல்சாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் என்பதால் மனுஷர் தொடவில்லை. கறியையே வேண்டாமென்கிற சாமியார் என்று அதற்கும் சேர்த்து ஒரு மரியாதை ஏறிவிட்டது. அந்தக் கற்களில் நாய்கூடக் காலைத் தூக்காது என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் ரெண்டு நாள் உட்கார்ந்து கவனித்தேன். தூக்கத்தான் இல்லை.

முதல்முறை செங்கல் தெரிந்த நாளை என்னால் மறக்க முடியாது. ஆறடி நீளக் குழி. இரண்டரை அடி ஆழத்தில் மாது மண்ணைக் கையால் வழித்தான். ஒன்றை ஒட்டி ஒன்றாகச் செங்கற்கள், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும். பார்த்த எவனுக்கும் அது கேபிள் என்று தோன்றாது. ஆள் படுத்திருக்கிற அளவு, ஆள் படுத்திருக்கிற மாதிரி.

"பேடா சார், பேடா" என்றான் மாது. வேண்டாம் என்று அர்த்தம். ஒரே தாவலில் மேலே வந்துவிட்டான்.

செங்கல்சாமி இறங்கி ஒரு கற்பூரத்தை ஏற்றினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"கைய வெச்சிப் பாருங்க."

நான் பி.எஸ்ஸி. படித்தவன். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் ஒரு மணி நேரம் வாதாடுகிற ஆள். தைரியமாகக் கையை வைத்தேன். சுற்றியுள்ள மண் பனியில் சில்லிட்டுக் கிடந்தது. செங்கல் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, தூங்குகிற குழந்தையின் முதுகைத் தொட்ட மாதிரி. கரண்ட் ஓடுகிற கம்பி சூடாகும் என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது கைக்குத் தெரிய வேண்டுமே. அன்று பூராவும் அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை.

பயந்துவிட்டேன் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்களோ அதற்குப் பிறகு காக்கை கத்தினால் வேலையை நிறுத்தினார்கள், பல்லி சொன்னால் நிறுத்தினார்கள், இரண்டும் சும்மா இருந்தால் ஏன் சும்மா இருக்கின்றன என்று நிறுத்தினார்கள். கான்ட்ராக்டர் என்னைப் பிடித்து உலுக்கினார். ஒரு நாள் செங்கல்சாமி ஆபீஸ் வேலையாகத் தருமபுரிக்குப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று நான் பகுத்தறிவைப் பரப்பக் கிளம்பினேன்.

எல்லோரையும் குழியைச் சுற்றி நிற்க வைத்தேன். செருப்போடு உள்ளே இறங்கி, செங்கல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்கைத் திறந்து புளிச்சோறு பூராவையும் சாப்பிட்டேன். அப்புறம் மேலே வந்து பக்கத்துக் கல்லில் இருந்த குங்குமத்தைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

"பாத்துக்கங்க. முனியும் இல்ல, சமாதியும் இல்ல. கீழ கரண்டு கேபிள் போவுது, அவ்வளவுதான். செங்கலத் தொடாம ஓரமா தோண்டணும். வேற ஒண்ணுக்கும் பயப்பட வேண்டாம்."

எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். சாலம்மா மட்டும், "சாரு நல்லா இருக்கணும்" என்றாள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் சொல்கிற குரலில் சொன்னாள்.

சாயங்காலம் வரைக்கும் நான் சாகவில்லை. மறுநாள் காலையிலும் சாகாமல் வேலைக்கு வந்தேன். பயம் போய்விட்டது. வேலை மடமடவென்று ஓடியது. என்னை நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

அன்று மத்தியானம் ஆட்கள் சோற்றுக்குப் போனார்கள். செங்கல்சாமி இன்னும் தருமபுரியிலிருந்து திரும்பியிருக்கவில்லை. நான் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து டீக்கடைக்குப் போனேன். சந்தை இல்லாத நாள். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பும்போது கேட் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து வந்து எனக்கும் எங்கள் குழிக்கும் நடுவில் புகுந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் ஒரு கணம் எதிர்ப்பக்கம் தெரியும், மறுபடி மறையும்.

ஒரு இடைவெளியில் மாது தெரிந்தான். தனியாகக் குழிக்குள் நின்றிருந்தான். அடுத்த இடைவெளியில் அவன் கையில் ஒரு செங்கல். அடுத்ததில் இன்னொரு செங்கல். குழிமேட்டில் ஏற்கெனவே ஏழெட்டுச் செங்கல் அடுக்கியிருந்தது. கத்தினேன். கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்த இடைவெளியில் அவன் கடப்பாரையை எடுக்கக் குனிந்தான். அடுத்ததில் அது அவன் தலைக்கு மேலே இருந்தது. அதற்கடுத்த இடைவெளியில் ரோட்டில் ஒரு குடை விரிந்தபடி உருண்டுகொண்டிருந்தது. குடை பிடித்த ஆளைக் காணோம். அப்புறம் வந்ததெல்லாம் மூடிய பெட்டிகள்.

வண்டி எப்போது போனது, கேட்டின் கீழே நான் எப்படி நுழைந்தேன் என்று தெரியாது. குழியை நெருங்கும்போது அந்தப் பக்கமே சத்தம் அடங்கிக் கிடந்தது. அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது. கிழவியின் குரல், மெலிசாக, மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

"புட்டா... மேலக்கே பாரோ, புட்டா..."

சின்னவனே, மேலே வாடா என்கிறது அந்தக் குரல். குழிக்குள் மாது கடப்பாரையை ஓங்கியபடி சிலையாக நின்றான். அவன் காலடியில், செங்கல் பிடுங்கிய இடத்தில், செங்கல்சாமி கேபிள்மேல் குப்புறப் படுத்திருந்தார். கைகால்களைப் பரப்பி, கன்னத்தை மணலில் அழுத்தி, கேபிளில் ஒரு சாண்கூட வெளியே தெரியாமல் மூடியிருந்தார். குத்துவதென்றால் அவர் முதுகு வழியாகத்தான் குத்த வேண்டும். அவர் உதடு அசைந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

"பேடம்மா" என்றான் மாது. அழுதான். சாலம்மா எங்கிருந்தோ ஓடிவந்து, குழிமேட்டில் படுத்துக் கையை நீட்டி, அந்தக் கடப்பாரையை அவன் கையிலிருந்து பூ மாதிரி வாங்கி அப்பால் வைத்தாள்.

செங்கல்சாமி எழுந்தார். முகம் பூராவும் மணல். "சூப்ரவைசரே, குடிக்கத் தண்ணி இருக்குதுங்களா?" என்று தன் சொந்தக் குரலில் கேட்டார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

மாதுவை உட்கார வைத்து ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலில் ஒரு ஓட்டையும் இல்லை.

"சமாதி இல்லேன்னு நீங்கதான சார் சொன்னீங்க. சமாதி இல்லேன்னா எவன் இத்தன அழகா செங்கல்லு அடுக்குவான்? பொதையல் வெச்சவன்தான் அடுக்குவான். அதியமான் காலத்துதா இருக்கும்னு நெனச்சன்."

"கரண்டு போவுதுன்னு சொன்னன் இல்ல?"

"கரண்டு மேல கம்பியில ஓடுது, கண்ணால பாக்கறோம். மண்ணுல எப்பிடிங்க ஓடும்? பொதையல நீங்களே எடுத்துக்கப் பாக்கறீங்கன்னு..." என்று இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அன்று பரப்பிய பகுத்தறிவு அந்த மட்டுக்கும் வேலை செய்திருந்தது.

அப்புறம் டீக்கடைப் பெஞ்சில் செங்கல்சாமியும் நானும் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பிறகு அவராகவே சொன்னார்.

"வேற ஊருல கேபிள் போட்டம்ங்க. செங்கல்லு நான்தான் வெச்சன். மண்டவோடு போட்ட தகரம்லாம் நட்டம். தகரத்தப் புடுங்கிக் கோழிக்கூண்டுக்குக் கதவு போட்டுக்கிட்டாங்க. கல்லப் புடுங்கித் துணி தொவச்சாங்க. ஒருத்தன் பள்ளம் நோண்டறப்ப செங்கல்லப் பாத்திருக்கான். நம்ம மாது மாதிரியேதான். கூட இருந்தவங்கள எல்லாம் வூட்டுக்கு அனுப்பிட்டுக் குத்திட்டான். அவன் பேருகூட எனக்குத் தெரியாது. செங்கல்லு காப்பாத்தும்னு வெச்சன். அதுதான் அவுனக் கூப்பிட்டிருக்குது."

நான் இன்னொரு டீ சொன்னேன்.

"ஆசப்பட்டா நோண்டுவான். பயந்தா நிப்பான். அதனாலதான் பயத்த வெச்சன், சூப்ரவைசரே."

"நீங்க சர்ச்சுக்குப் போறவரு. ஃபாதர் ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம இருப்பாரா? கல்லுக்குக் குங்குமம் வெக்கிறியே, சிலுவ வெக்கக் கூடாதான்னு கேட்டாரு. வெச்சுப் பாத்தன் ஃபாதர், யாரும் பயப்படல, பந்தல் போடறம்னு பக்கத்துலயே குழி நோண்ட ஆரம்பிச்சிட்டாங்கன்னன்."

"அந்தக் கன்னடம்?"

"எந்தக் கன்னடம்?"

"புட்டான்னு கூப்பிட்டீங்களே. அவுங்கம்மா மட்டும்தான் அப்பிடிக் கூப்பிடுவாங்களாம். அவுங்க செத்து எத்தனையோ வருசமாச்சாம்."

செங்கல்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்குக் கன்னடம் வராதுங்களே" என்றார். "மாதா பேரச் சொல்லி உழுந்தன். அப்பறம் தண்ணி கேட்டதுதான் நெனப்பிருக்குது." பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அவரும் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை கடைக்குப் போய்க் கால் கிலோ குங்குமம் வாங்கினேன். "வூட்ல விசேஷங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். நான் துடைத்த கல்லுக்கு நானே பொட்டு வைத்தேன். மற்றக் கற்களுக்கும் புதுசாக வைத்தேன். எட்டுப் பேர் முன்னால் விழுந்து கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, முனியிடம் மன்னிப்புக் கேட்டேன். மாதுவுக்கு மட்டும் கேபிள் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், கரண்டுதான். அங்க எங்கம்மா இருக்கறதும் நெசந்தான" என்றான். நான் வாதாடவில்லை. வேலை முடிகிற வரைக்கும் கேபிளில் ஒரு கீறல் விழவில்லை, ஒருவனுக்கும் ஒரு காயமில்லை. அந்தக் குழாயில் தண்ணீர் வந்ததா என்பது வேறு கதை.

இரண்டு மூன்று வருஷத்துக்குள் செங்கல்சாமி போய்விட்டார். பதினோராயிரம் வோல்ட்மேல் படுத்து எழுந்த மனுஷரைக் காமாலை கொண்டுபோய்விட்டது. தகவல் வந்து நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். சிலுவையில் அவருடைய சொந்தப் பெயர் எழுதியிருந்தது. யாரோ வேறு ஒருவரை அடக்கம் செய்கிறார்கள் என்று ஒரு கணம் நம்பினேன்.

பெட்டியை இறக்கி, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுக்கொண்டிருந்தபோது, மாதுவும் சாலம்மாவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கேரியரில் ஒரு மூட்டை மணல். இரண்டு பக்கமும் கோணிப்பையில் செங்கல். மாது ஃபாதரைப் பார்த்துக் கும்பிட்டான். பெட்டிமேல் மணலைக் கொட்டிப் பரப்பினான். குழிக்குள் இறங்கி, செங்கற்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக, தலைமாட்டிலிருந்து அடுக்கத் தொடங்கினான். ஃபாதர் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"நாளைக்கு எவனாச்சும் தெரியாம தோண்டுனா, ஆளு இருக்குதுன்னு தெரியணுங்களே சார்" என்றான் மாது.

நானும் இறங்கினேன். கால்மாட்டில் கடைசி நாலு செங்கலை நான் வைத்தேன். வைத்த பிறகு, அன்றைக்கு அவர் சொன்ன மாதிரியே கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் வந்த செங்கல், சூடாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் மேலே இருந்தவர்கள் கூப்பிடுகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.